எதுவரை வந்து நின்றது?

"பூட் ஆகலண்ணா" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எதுவரை வந்து நின்றது என்பதைத்தான். பெரும்பாலும் நேரான பதில் வராது. "கறுப்பா இருக்குண்ணா, ஏதோ இங்கிலீஷ்ல எழுதுது" என்பார்கள். அந்த ஏதோவில்தான் பாதி வேலை இருக்கிறது. கம்பெனியின் சின்னம் வந்து, நேராக அமைப்புத் திரைக்குப் போய்விடுகிறதா? அப்படியானால் எந்தக் கோப்பைத் தொடங்குவது என்பதே ஃபர்ம்வேருக்குத் தெரியவில்லை. 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒற்றை வரி நிற்கிறதா? லினக்ஸை எழுப்பும் பூட் லோடரான கிரப் எழுந்துவிட்டது; தன்னுடைய மற்றக் கோப்புகள் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கின்றன என்று தெரியாமல் முழிக்கிறது. 'ரெஸ்க்யூ' இல்லாமல் 'கிரப்' மட்டும் என்றால் இன்னும் ஒரு படி தாண்டியாகிவிட்டது, மெனுவை எழுதிவைத்த கோப்புதான் காணோம். மெனு வந்து, உபுண்டுவைத் தேர்ந்தெடுத்த பிறகு 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று நின்றால் கெர்னல்வரைக்கும் வந்துவிட்டது. ஒன்றரை நிமிடம் சும்மா காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போனால், யாரோ ஒரு பார்ட்டிஷனை அழித்துவிட்டு எஃப்ஸ்டேப் கோப்பில் அதன் பெயரை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

இந்தக் கேள்வியை எனக்குப் பழக்கியது லைலோ. சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழிருந்த கடையில் வேலை கற்றுக்கொண்ட நாட்களில், ரெட் ஹேட் சிடியோடு வரும் பூட் லோடர் அதுதான். வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதியது. நான்கு எழுத்துள்ள தன் பெயரை அது மொத்தமாக எழுதாது. ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் ஓர் எழுத்து. 'எல்' மட்டும் வந்தால் முதல் கட்டம் ஏறிவிட்டது. 'எல்', 'ஐ' இரண்டோடு நின்றால் இரண்டாவது கட்டம் நினைவகத்துக்கு வந்தும் ஓடவில்லை. நான்கும் வந்தால் பிரச்சினை வேறெங்கோ. இத்தனை சிக்கனமாகத் தன் நோயைத் தானே சொல்லும் மென்பொருளை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. இன்றைய மெஷின்களோ வட்டமாகச் சுற்றும் புள்ளிகளைக் காட்டிவிட்டு, "ஏதோ தவறு நேர்ந்தது" என்று முடித்துக்கொள்கின்றன.

தெருவில் அன்றைக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. "ஃபார்மட் அடிச்சிடலாம் சார், ஒரு மணி நேரத்துல குடுத்துடுறேன்." லாபமான மருந்தும்கூட. பூட் ஆகாத மெஷின்களில் பெரும்பாலானவற்றில் டேட்டா அப்படியே இருக்கும். அதற்குப் போகும் வழிதான் அறுந்திருக்கும். வழியைக் கட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும் என்கிற இடத்தில், கல்யாண ஆல்பத்தோடு சேர்த்து வட்டையே துடைத்துவிடும் அவசரம் எனக்கு என்றைக்குமே ஒத்துவரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலையைப் பார்த்தபின் சொல்கிறேன்: பூட் கோளாறால் டேட்டா போனவர்களைவிட, பூட் கோளாறைச் சரிசெய்யப் போய் டேட்டா போனவர்கள் அதிகம்.

பழைய பயாஸ் மெஷின்களின் கதையே 512 பைட்டுக்குள் அடங்கிவிடும். வட்டின் முதல் செக்டரை பயாஸ் படிக்கும். அதில் 446 பைட் நிரல், 64 பைட்டில் நான்கு பார்ட்டிஷன்களின் அட்டவணை, கடைசி இரண்டு பைட் அடையாளக் குறி. அவ்வளவுதான். 446 பைட்டில் ஒரு மெனுவை எழுத முடியாது. அதனால் கிரப் தன் அடுத்த துண்டை, அந்த செக்டருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே உள்ள காலி இடத்தில் வைத்துக்கொண்டது. அந்த இடம் யாருக்கும் சொந்தமில்லை என்பதால், சில வணிக மென்பொருள்கள் தங்கள் உரிமச் சரிபார்ப்புக் குறியையும் அங்கேயே எழுதின. வரைபட மென்பொருள் ஒன்றை விண்டோஸில் நிறுவினால் லினக்ஸ் எழாமல் போகும் விசித்திரத்துக்கு இதுதான் காரணம். விண்டோஸை மறுபடி போட்டால் அது அந்த 446 பைட்டின் மேல் தன் நிரலை எழுதிவிடும், யாரையும் கேட்காது. "முதல்ல விண்டோஸ், அப்புறம் லினக்ஸ்" என்று தெருவில் எல்லோரும் மந்திரம் மாதிரி ஒப்பித்தது அதனால்தான்.

ஒரே மெஷினில் இரண்டு ஓ.எஸ். வைக்கும் டூயல் பூட்டைத் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு கொண்டுபோனது அரசாங்கம் என்பது இன்றைக்குப் பலருக்கு நினைவில்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசு நிறுவனமான எல்காட் கொடுத்த மெஷின்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், சென்னையில் சி-டாக் உருவாக்கியது. அதற்குச் சில வருஷம் முன்பே, உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, எல்காட் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியிருந்தது. இலவச லேப்டாப்பில் கோளாறு என்று கடைக்குப் போன பிள்ளைகளுக்கு விண்டோஸ் மட்டும் திரும்பி வந்தது. மெனுவிலிருந்து பாஸ் காணாமல் போனதை யாரும் புகாராகச் சொல்லவில்லை. லினக்ஸ் பார்ட்டிஷன் வட்டில் அப்படியே கிடந்தது, கதவில்லாத அறை மாதிரி.

மியூனிக்குக்கு நான் வந்தபோது இந்த ஊரே லினக்ஸுக்கு மாறிக்கொண்டிருந்தது. 2003 மே மாதம் நகரமன்றம் அந்த முடிவை எடுத்தது. அதைத் தடுக்க மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர், பனிச்சறுக்கு விடுமுறையை இடையில் நிறுத்திவிட்டு மேயர் கிறிஸ்டியான் ஊடெயைப் பார்க்க வந்தார். பலிக்கவில்லை. லைமக்ஸ் என்று பெயர் வைத்து, 2013 முடிவதற்குள் சுமார் 15,000 அலுவலகக் கணினிகளில் அதைப் போட்டுவிட்டார்கள். பிறகு 2017 நவம்பரில் நகரமன்றம் விண்டோஸுக்கே திரும்புவதென்று வாக்களித்தது. ஜெர்மனியில் மைக்ரோசாஃப்டின் தலைமையகம் அதற்கு முந்தின வருஷம்தான் புறநகரிலிருந்து மியூனிக்கின் ஷ்வாபிங் பகுதிக்கு இடம் மாறியிருந்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பேசாத லினக்ஸ்காரர் இந்த ஊரில் இல்லை. எனக்கு அந்த வழக்கில் தீர்ப்பு கிடையாது. ஆனால் ஒன்று கவனித்தேன். அலுவலகத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இரண்டு ஓ.எஸ்.ஸோடு பழகிய ஒரு தலைமுறையை அந்தத் திட்டம் இங்கே விட்டுப்போனது. அவர்களில் சிலர் எனக்கு வாடிக்கையாளர்கள்.

வாடிக்கையாளர் என்றால் காசு கிடையாது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு ரிப்பேர் கஃபேயில் உட்காருகிறேன். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டீன் போஸ்ட்மா தொடங்கிய வழக்கம் இது. மியூனிக்கில் பல பேட்டைகளில் நடக்கிறது. டோஸ்டர், தையல் மெஷின், சாயம் போன குடை எல்லாம் வரும். பொருளை விட்டுவிட்டுப் போக முடியாது. சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தானும் கைவைக்க வேண்டும், சேதமானால் வழக்குப் போடமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்தும் போட வேண்டும். ரிச்சி தெருவில் வளர்ந்த எனக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. இப்போது இதுதான் சரி என்று படுகிறது. விசைப்பலகை அவர்கள் கையில், வாய் மட்டும் என்னுடையது.

மீதிப் பேர் நம் பிள்ளைகள். கார்ஷிங்கில் இருக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள், யூ6 ரயிலேறி வருவார்கள். அவர்களுக்கு டூயல் பூட் பொழுதுபோக்கு இல்லை. ரோபாட்டிக்ஸ் பாடத்துக்கான 'ராஸ்' உபுண்டுவில்தான் ஒழுங்காக ஓடும்; வாகனத் துறையில் பகுதிநேர வேலைக்குப் போனால் அங்கே கேட்கும் மென்பொருள்கள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி வந்தபின் இந்தக் கூட்டம் குறைந்தது உண்மை. ஆனால் கிராஃபிக்ஸ் கார்டையும் யூ.எஸ்.பி.யில் செருகிய சென்சாரையும் நேராகத் தொட வேண்டியவர்கள் இன்னும் வட்டைப் பிரித்துத்தான் போடுகிறார்கள். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டிய ஆய்வறிக்கை ஞாயிற்றுக்கிழமைதான் எழாமல் போகும். பவேரியாவில் ஞாயிறு கடை கிடையாது. ஒரு பென் டிரைவ் வாங்க வேண்டுமென்றாலும் பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளைத் தேடிப் போக வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே ஷில்லர் தெரு இருக்கிறது, ஒரு காலத்தில் கணினிக் கடைகளுக்குப் பேர்போனது, எங்கள் ரிச்சி தெரு மாதிரி. ஞாயிறன்று அதுவும் சாத்திக் கிடக்கும். அதனால் என் பையில் எப்போதும் இரண்டு லைவ் யூ.எஸ்.பி. இருக்கும்.

'கிரப் ரெஸ்க்யூ' வந்தால் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம். பார்ட்டிஷன் ஒன்றை அழித்ததால் பின்னால் உள்ளவற்றின் எண்கள் மாறிப்போயிருக்கும். ஆறு என்று கிரப் குறித்துவைத்தது இப்போது ஐந்தாகியிருக்கும். இருக்கும் பார்ட்டிஷன்களைப் பட்டியல் கேட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, பூட் கோப்புறை எதில் இருக்கிறதென்று கண்டுபிடித்து, அந்த முகவரியைச் சொல்லிக்கொடுத்தால் மெனு வந்துவிடும். நான்கைந்து வரிதான். இங்கே ஜெர்மன் விசைப்பலகைதான் குறுக்கே நிற்கும். அந்தக் கட்டத்தில் கிரப்புக்குத் தெரிந்தது அமெரிக்க விசைப்பலகை மட்டும். விசையின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பினால் ஒரு வரிகூடச் சரியாக விழாது. சாய்கோட்டுக்கு, புள்ளிக்கு அடுத்திருக்கும் கழித்தல் விசையை அழுத்த வேண்டும். சமக்குறிக்கு, பூஜ்யத்துக்கு வலப்பக்கம் இரண்டாவது விசை. அடைப்பைத் திறக்க ஷிஃப்டோடு ஒன்பது, ஜெர்மன்காரருக்கு அது மூடும் அடைப்பு. மூடுவதற்கு ஷிஃப்டோடு பூஜ்யம், அதில் அச்சிட்டிருப்பதோ சமக்குறி. கெர்னல் கோப்பின் பெயரில் கடைசியில் வரும் 'இசட்'டுக்கு 'ஒய்'யை அழுத்த வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இதையெல்லாம் ஒரு தாளில் அட்டவணை போட்டு எழுதிக்கொண்டு, பிறகுதான் விசையில் கை வைத்தார். ஒரு பிழையும் விழவில்லை. நம் பையன்கள் என்றால், "தெரியும்ணா, தெரியும்ணா" என்று வேகமாகத் தட்டிவிட்டு நாலு தரம் திருப்பி அடிப்பார்கள்.

மெனுவைப் பார்த்ததும் மூட்டை கட்டிவிடக் கூடாது. அது ஒருமுறைக்கான வழி. உள்ளே போய் கிரப்பை மறுபடி நிறுவி, மெனுவைப் புதிதாக எழுதவைத்து, அணைத்து எழுப்பிப் பார்க்கும்வரை வேலை முடியவில்லை.

2012 வாக்கில் விண்டோஸ் 8 வந்ததும் ஆட்டத்தின் விதி மாறியது. யூ.இ.எஃப்.ஐ. மெஷின்களில் 446 பைட் சண்டை இல்லை. இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் என்று ஒரு சின்ன இடம், விண்டோஸ் தானே அமைத்தால் பெரும்பாலும் 100 எம்.பி. அதற்குள் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு கோப்புறை, உபுண்டுவுக்கு ஒரு கோப்புறை. யாரை முதலில் எழுப்புவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. இப்போது யாரும் யாரையும் அழிப்பதில்லை. வரிசையில் முந்துகிறார்கள், அவ்வளவுதான். வாசல் ஒன்றாகவும் குடித்தனம் இரண்டாகவும் இருக்கும் ஒண்டுக்குடித்தன வீட்டில் வாசற்சாவி யாரிடம் என்பதுதான் எப்போதும் தகராறு, இங்கேயும் அதே. "லினக்ஸ் அழிஞ்சிடுச்சுண்ணா" என்று அழுகிற குரலில் வருகிறவர்களிடம் அமைப்புத் திரையைத் திறக்கச் சொல்லி, வரிசையில் உபுண்டுவை மேலே நகர்த்தினால் பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும். சில லேப்டாப்களின் ஃபர்ம்வேர் இன்னும் பிடிவாதம். வரிசையைக் காட்டும், மதிக்காது. பொதுவான இயல்புக் கோப்பு ஒன்றைத்தான் தேடும். அங்கே லினக்ஸின் பூட் கோப்பையே அந்தப் பெயரில் நகலெடுத்து வைத்து ஏமாற்ற வேண்டியிருக்கும். நாகரிகமான வழி இல்லை. வேலை செய்யும்.

மெனுவில் விண்டோஸ் மட்டும் காணோம் என்று வருகிறவர்கள் 2021க்குப் பிறகு கூடினார்கள். கிரப்பின் 2.06 பதிப்பில், மற்ற ஓ.எஸ்.களைத் தேடும் நிரலைப் பாதுகாப்புக் கருதி இயல்பாக அணைத்துவிட்டார்கள். ஒரு வரியை மாற்றினால் விண்டோஸ் திரும்பி வந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டையும் அழித்து மறுபடி போட்டவர்களை நினைத்தால்தான் வயிறெரிகிறது.

விண்டோஸின் வேகத் தொடக்கம் வேறு வகைத் தொல்லை. நாம் அணைத்துவிட்டோம் என்று நினைக்கிறோம். அது பாதித் தூக்கத்தில் இருக்கிறது, தன் பார்ட்டிஷனைத் திறந்த நிலையிலேயே வைத்துக்கொண்டு. லினக்ஸிலிருந்து அந்தக் கோப்புகளை எழுதப் போனால் மறுக்கும், மறுப்பது நல்லதற்குத்தான். கடிகாரம் பற்றிய புகாரும் அடிக்கடி வரும். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது, உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. மியூனிக்கில் குளிர்காலத்தில் விண்டோஸ், லினக்ஸைவிட ஒரு மணி நேரமும் கோடையில் இரண்டு மணி நேரமும் பின்தங்கும். ஐந்தரை மணி நேரம் பின்தங்கினால் பையன் ஊரிலிருந்து வந்து இன்னும் நேர மண்டலத்தை மாற்றவில்லை என்று அர்த்தம். எத்தனை நாளாயிற்று வந்து, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்று அங்கிருந்தே பேச்சைத் தொடங்கிவிடுவேன். சென்னையில் லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் போதும். வருஷத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தைத் திருப்பும் இந்த ஊரில், விண்டோஸைப் பொது நேரத்துக்குக் கொண்டுவருவதே நல்லது.

இவையெல்லாம் சில்லறை. இன்றைக்கு நான் உண்மையில் பயப்படுவது பிட்லாக்கரைப் பார்த்து. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்பில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம், சொந்தக்காரருக்கே தெரியாது. கையெழுத்துள்ள பூட் கோப்புகளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டை அணைத்தாலோ பூட் வரிசையை மாற்றினாலோ 48 இலக்க மீட்பெண் கேட்டு நிற்கும். பெரும்பாலும் அந்த எண் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணக்கு எந்த மின்னஞ்சலில் என்பது மறந்திருந்தால்? அந்த வட்டிலிருந்து ஒரு கோப்பையும் யாராலும் எடுக்க முடியாது. அதனால் இப்போதெல்லாம் எதுவரை வந்து நின்றது என்று கேட்டு முடித்ததும், மீட்பெண் கையில் இருக்கிறதா என்று கேட்கிறேன். இல்லையென்றால் போனில் அதை எடுத்துத் தாளில் எழுதும்வரை மெஷினைத் தொடவிடுவதில்லை. "எழுப்பத்தானே வந்தேன், இதெல்லாம் எதுக்கு" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு.

2024 ஆகஸ்டில் உலகம் முழுக்க நடந்தது இந்த எச்சரிக்கைக்கு நல்ல பாடம். பழைய கிரப்களில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதற்காக, ஆபத்தான பூட் லோடர்களை மறுக்கும் 'எஸ்பேட்' பட்டியல் ஒன்றை விண்டோஸின் மாதாந்திரப் புதுப்பித்தல் ஃபர்ம்வேரில் எழுதியது. டூயல் பூட் மெஷின்களைத் தொடக் கூடாது என்பதுதான் திட்டம். சிலவகை டூயல் பூட்டை அது அடையாளம் காணவில்லை என்று மைக்ரோசாஃப்டே பிறகு ஒப்புக்கொண்டது. லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் பாதுகாப்புக் கொள்கை மீறல் என்று ஒரு வரி வந்து மெஷின் அணைந்துவிடும். செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் அந்தப் பட்டியலை நீக்கும் கட்டளையைக் கொடுத்து, ஒருமுறை மறுதொடக்கம் செய்து, செக்யூர் பூட்டைத் திரும்பப் போட வேண்டும். சுருக்கமான வேலை. ஆனால் முதல் படியிலேயே பிட்லாக்கர் விழித்துக்கொள்ளும். விண்டோஸில் அதை இடைநிறுத்திவிட்டுத் தொடங்கியவர்கள் தப்பித்தார்கள்.

2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தபோது ரிப்பேர் கஃபே மேசையில் வேறொரு கூட்டம். விண்டோஸ் 11க்குத் தகுதியில்லாத, ஆனால் நன்றாக ஓடும் எட்டு, ஒன்பது வயது லேப்டாப்கள். நகராட்சியில் வருஷக்கணக்காக லைமக்ஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தன்னுடையதைக் கொண்டுவந்தார். லினக்ஸ் போடுவதில் அவருக்குத் தயக்கமே இல்லை; தயக்கம் விண்டோஸை அழிப்பதில். வரிக் கணக்கு மென்பொருளின் பழைய கோப்புகள் அதில் இருந்தன. "இணையம் இல்லாமல் அது ஒரு மூலையில் இருக்கட்டும், என்ன சொல்கிறீர்கள்?" என்றார். வட்டைப் பிரித்தோம். பிரிப்பதற்கு முன் எல்லாவற்றையும் வெளிவட்டில் நகலெடுக்க வைத்தேன், அதற்கே ஒரு மதியம் போனது. மெனு எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்று கேட்டதற்கு முப்பது என்றார், கண்ணாடியைத் தேடி எடுக்க நேரம் வேண்டுமாம்.

இப்போது மேசைக்கு வரும் எந்த மெஷினிலும் இன்னொன்றையும் பார்த்துவிடுகிறேன். செக்யூர் பூட்டுக்காக மைக்ரோசாஃப்ட் 2011இல் வெளியிட்ட சான்றிதழ்கள் 2026 ஜூனில் காலாவதியாகத் தொடங்குகின்றன. லினக்ஸின் பூட் கோப்புகளில் இருக்கும் கையெழுத்தும் அவற்றில் ஒன்றை நம்பித்தான் நிற்கிறது. அன்றைக்கே எல்லா மெஷினும் நின்றுவிடும் என்று பீதி கிளப்புகிறவர்கள் சொல்வது சரியில்லை, ஃபர்ம்வேர் பொதுவாகத் தேதியைப் பார்ப்பதில்லை. ஆனால் புதிதாக வரும் லினக்ஸ் பதிப்புகள் 2023 சான்றிதழின் கையெழுத்தோடு மட்டும் வரத் தொடங்கும்போது, அந்தச் சான்றிதழ் ஏறாத மெஷின் அவற்றை எழுப்ப மறுக்கும். லைவ் யூ.எஸ்.பி.யும் அதில் சேர்த்தி. ஃபர்ம்வேர் புதுப்பித்தல் கிடைக்கிறதா என்று பார்த்து, கிடைத்தால் பிட்லாக்கரை இடைநிறுத்திவிட்டு உடனே ஏற்றச் சொல்கிறேன். தயாரித்தவர்கள் கைவிட்ட பழைய லேப்டாப் என்றால், செக்யூர் பூட்டை அணைப்பது எப்படி என்று அதே மீட்பெண் தாளின் பின்பக்கம் எழுதிக்கொடுக்கிறேன். எந்த விசையை எத்தனை விநாடிக்குள் அழுத்த வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு.